மலையேறும் மின்சாரம்: கொத்தார்ட் பாதையும் அதன் எஞ்சின்களும்

1989ஆம் ஆண்டு நவம்பர் மாதம். சுவிற்சர்லாந்தின் வடக்கே ஒரு முகாமில் இருந்த எங்களில் சிலரைத் தெற்கே, இத்தாலிய மொழி பேசும் திச்சினோ மாநிலத்துக்கு அனுப்பினார்கள். கையில் ஒரு பயணச்சீட்டு, ஒரு கடிதம், ஒரு பை. எங்கே போகிறோம் என்பது கடிதத்தில் இருந்தது. ஆனால் அது ஜெர்மன் மொழியில் இருந்தது.

ரயில் மலைக்குள் நுழைந்தது. யன்னலுக்கு வெளியே, எங்களுக்கு மேலே ஒரு குன்றில், வெள்ளை நிறத் தேவாலயம் ஒன்று தெரிந்தது. பிறகு சுரங்கம். வெளியே வந்தால் அதே தேவாலயம், இப்போது எங்கள் உயரத்திலேயே. மறுபடி சுரங்கம். வெளியே வந்தால் அதே தேவாலயம் கீழே. எனக்கு அருகில் இருந்த பையன், "அண்ணை, எங்களைத் திருப்பிக் கொண்டு போறாங்களோ?" என்று கேட்டான். அவன் முகத்தில் இருந்த பயம் என் முகத்திலும் இருந்திருக்கும். அந்தக் காலத்தில் "திருப்பி அனுப்புதல்" என்பதற்கு எங்களிடையே ஒரே ஒரு பொருள்தான் இருந்தது.

அந்த ஊரின் பெயர் வாசென். ரயில் திரும்பிப் போகவில்லை. மலைக்குள் வளைந்து வளைந்து உயரம் ஏறிக்கொண்டிருந்தது. ஒரே தேவாலயத்தை மூன்று உயரங்களில் காட்டும் அந்தப் பாதையைப் பார்க்க உலகெங்குமிருந்து ஆட்கள் வருகிறார்கள் என்பது பின்னால்தான் தெரிந்தது. எங்களை இழுத்துப் போனது ஆறு அச்சுகள் கொண்ட பச்சை நிற மின்சார எஞ்சின் என்பதையும் பின்னால்தான் அறிந்தேன். அதைச் சொல்லித் தந்தவர் திச்சினோவில் என் வீட்டுக்குக் கீழ்த்தளத்தில் இருந்த ஒரு பெரியவர். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அந்தப் பாதையில் எஞ்சின் ஓட்டி ஓய்வு பெற்றவர். என் இத்தாலிய மொழியில் பாதி அவரிடம் எஞ்சின்களைப் பற்றிக் கேட்டுக் கற்றது. இந்தக் கட்டுரையும் அந்தப் பேச்சுகளில் தொடங்கியதுதான்.

நிலக்கரி இல்லாத நாடு

கொத்தார்ட் மலையைக் குடைந்து 15 கிலோமீற்றர் நீளச் சுரங்கம் அமைக்கும் வேலை 1872இல் தொடங்கி 1882இல் முடிந்தது. வேலையாட்களில் மிகப் பெரும்பாலோர் இத்தாலியிலிருந்து வந்த ஏழைகள். 1875இல் கூலியும் காற்றோட்டமும் கேட்டு அவர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் இறந்தனர். ஏறத்தாழ இருநூறு பேர் அந்தக் கட்டுமானத்தில் உயிரிழந்தார்கள். ஒப்பந்தக்காரரான லூயி பாவ்ரும் 1879இல் சுரங்கத்துக்குள்ளேயே மாரடைப்பால் இறந்தார். சுரங்கத்தின் தெற்கு வாயிலில் உள்ள ஐரோலோ என்ற ஊரில் அந்தத் தொழிலாளருக்கு ஒரு வெண்கலச் சிற்பம் இருக்கிறது. வின்சென்சோ வேலா என்ற சிற்பி செய்தது. இறந்த ஒருவனைத் தோழர்கள் சுமந்து வருகிறார்கள். வெளிநாட்டுக்கு உழைக்க வந்த எவனும் அதன் முன் சற்று நின்றுவிட்டுத்தான் போவான்.

பாதை திறந்தது. வடக்கே எர்ஸ்ட்பெல்ட் என்ற ஊரிலிருந்து சுரங்க வாயிலான கோஷெனன் வரை 29 கிலோமீற்றருக்குள் ரயில் அறுநூறு மீற்றருக்கும் மேல் ஏற வேண்டும். ஏற்றத்தின் உச்ச அளவு ஆயிரத்துக்கு 26. அதாவது ஆயிரம் மீற்றர் ஓடினால் 26 மீற்றர் உயரம். வண்டியில் போகிறவர்களுக்கு இது சிறியதாகத் தோன்றும். இரும்புத் தண்டவாளத்தில் இரும்புச் சக்கரத்துக்கு இது பெரிய ஏற்றம். நீராவி எஞ்சின்கள் இரண்டு மூன்றாகச் சேர்ந்து இழுத்தும் தள்ளியும் ஏறின. புகை நிறைந்த சுரங்கத்துக்குள் தண்டவாளம் பழுதுபார்க்கும் தொழிலாளர் வேலை செய்தார்கள்.

அந்த எஞ்சின்கள் எரித்த நிலக்கரி சுவிற்சர்லாந்தில் கிடைப்பதில்லை. பெரும்பகுதி ஜெர்மனியிலிருந்து வந்தது. 1914இல் உலகப் போர் மூண்டதும் விலை பல மடங்கு ஏறியது, வரத்துக் குறைந்தது. ரயில்களின் எண்ணிக்கையை வெட்டினார்கள். சில எஞ்சின்களில் விறகு எரித்தார்கள். போரில் கலந்துகொள்ளாத நாடு, தன் ரயில் ஓடுமா ஓடாதா என்பதை அண்டை நாட்டின் சுரங்கங்களிடம் கேட்க வேண்டிய நிலை.

மின்மயமாக்கும் எண்ணம் போருக்கு முன்பே இருந்தது. கொத்தார்டின் மலைப்பகுதியை மின்மயமாக்குவது என்று 1913லேயே சுவிஸ் கூட்டாட்சி ரயில்வே முடிவெடுத்திருந்தது. ஆனால் "செய்யலாம்" என்றிருந்ததைச் "செய்தே ஆக வேண்டும்" என்று மாற்றியது நிலக்கரிப் பஞ்சம்தான். அவர்களிடம் கரி இல்லை. ஆனால் தண்ணீர் இருந்தது, அது விழுவதற்கு உயரமும் இருந்தது. தெற்கே 1850 மீற்றர் உயரத்தில் உள்ள ரிட்டோம் ஏரியின் நீரைக் குழாய்களில் பள்ளத்தாக்குக்கு இறக்கி 1920இல் ஒரு மின்நிலையம் ஓடத் தொடங்கியது. வடக்கே ரொய்ஸ் ஆற்றில் அம்ஸ்டெக் மின்நிலையம் தொடர்ந்தது. 1920இல் சுரங்கத்தில் மின்சார ரயில் ஓடியது. 1922இல் லுசேர்னிலிருந்து இத்தாலிய எல்லையான கியாசோ வரை பாதை முழுவதும் மின்மயமானது.

எந்த மின்சாரம்?

மின்சாரம் என்று முடிவெடுத்தால் போதாது. எந்த வகை என்பதில் பெரிய வழக்கே நடந்தது. இங்கே கொஞ்சம் பௌதிகம் தவிர்க்க முடியாது. இலங்கையில் படித்தவர்கள் ஆடலோட்டம், நேரோட்டம் என்று படித்திருப்பீர்கள். தமிழகத்தில் மாறுதிசை, நேர்திசை மின்னோட்டம் என்பார்கள்.

ரயிலை இழுக்க மிகப் பொருத்தமான மோட்டார் நேரோட்டத் தொடர் மோட்டார். நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது அதிகமாக இழுக்கும். வேகம் கூடக்கூட இழுவை தானாகக் குறையும். மாடு வண்டியைக் கிளப்பும்போது முழு மூச்சையும் கொடுத்து, உருளத் தொடங்கியபின் இலகுவாக நடப்பதைப் போல. ஆனால் நேரோட்டத்தை அந்தக் காலத்தில் உயர்ந்த அழுத்தத்தில் நெடுந்தூரம் அனுப்ப முடியாது. 1500 வோல்ற் என்றால் சில கிலோமீற்றருக்கு ஒரு துணைநிலையம் வேண்டும். கம்பியும் தடிப்பாக இருக்க வேண்டும். ஆடலோட்டத்தை 15,000 வோல்ற்றில் மெல்லிய கம்பியில் அனுப்பி, எஞ்சினுக்குள்ளேயே ஒரு மின்மாற்றியை வைத்து வேண்டிய அளவுக்குக் குறைத்துக்கொள்ளலாம். ஆனால் ஆடலோட்டத்தில் தொடர் மோட்டாரை ஓட்டினால் திசைமாற்றியில், கரித்தூரிகைகள் உராயும் இடத்தில், தீப்பொறி பறக்கும். ஓட்டம் ஒரு வினாடிக்கு எத்தனை முறை திசை மாறுகிறதோ அதற்கேற்பப் பொறியும் கூடும்.

சூரிச்சின் ஓர்லிக்கோன் தொழிற்சாலை இதற்கு விடை தேடியது. எமில் ஹூபர்-ஸ்டொக்கார் என்ற பொறியாளரின் முயற்சியில் சேபாக் - வெற்றிங்கன் என்ற சிறு பாதையில் 1909 வரை, 15,000 வோல்ற் ஆடலோட்டத்தில் ரயில் ஓட்டிப் பார்த்தார்கள். ஹான்ஸ் பேன்-எஷென்பூர்க் என்ற அவரது சக பொறியாளர் பொறி அடங்கும்படி மோட்டாரைத் திருத்தினார். மீடிறனை, அதாவது அதிர்வெண்ணைக் குறைத்தால் பொறி அடங்கும் என்பதுதான் விடை. சோதனை வெற்றி. ஆனாலும் 1909இல் கம்பிகளைக் கழற்றிவிட்டு அந்தப் பாதையில் மறுபடி நீராவி எஞ்சினையே ஓட்டினார்கள்! சரியான விடை கிடைத்தும் அதை ஏற்கும் காலம் வரவில்லை. 1913இல் லொட்ச்பெர்க் மலைப்பாதை இதே முறையில் திறந்தது. 1916இல் கொத்தார்டுக்கும் இதே முறை என்று முடிவாயிற்று. ஹூபர்-ஸ்டொக்காரே மின்மயமாக்கும் பணிக்குத் தலைமை தாங்கினார்.

அவர்கள் தேர்ந்த அளவு 50இல் மூன்றில் ஒன்று: வினாடிக்கு பதினாறும் மூன்றில் இரண்டும். வீட்டு மின்சாரத்தின் அளவில் சரியாக மூன்றில் ஒன்றாக இருந்தால் சுழலும் இயந்திரங்களைக் கொண்டு ஒன்றை மற்றதாக மாற்றுவது சுலபம். 1995இல் இதை 16.7 என்று சற்றே மாற்றினார்கள். சுவிஸ், ஜெர்மனி, ஒஸ்ரியா மூன்றும் இன்றும் இந்த விசித்திரமான மின்சாரத்திலேயே ரயில் ஓட்டுகின்றன. மோட்டாரில் பொறி பறந்த காலம் போய்விட்டது. பொறிக்காக எடுத்த முடிவு போகவில்லை. பிற்பாடு பிரான்ஸ் 25,000 வோல்ற், 50 மீடிறன் என்ற முறையை வளர்த்தெடுக்க, இந்தியா 1957இல் அதைப் பின்பற்றியது.

முதலை

கொத்தார்டுக்கென்று செய்த எஞ்சின்களில் உலகப் புகழ் பெற்றது "முதலை". 1919 முதல் 1922 வரை 33 எஞ்சின்கள் வின்டர்தூரிலும் ஓர்லிக்கோனிலும் உருவாயின. சரக்கு இழுப்பதற்கானவை. அதிகாரபூர்வமான பெயர் சி.இ. 6/8. சுவிஸ்காரரின் பெயரிடும் முறை எளிது: முதல் எழுத்து வேக வகை, "இ" என்றால் மின்சாரம், எட்டு அச்சுகளில் ஆறு இழுப்பவை.

ஏன் முதலை? நடுவே ஒரு பெட்டி. முன்னும் பின்னும் நீண்ட மூக்குகள். வளைவுகளில் திரும்புவதற்காக உடலை மூன்றாக மடியும்படி செய்திருந்தார்கள். கனத்த மின்மாற்றி நடுப்பெட்டியில். ஒவ்வொரு மூக்கிலும் இரண்டு மோட்டார்கள். மோட்டார்களின் சுழற்சி பற்சக்கரங்கள் வழியாக ஒரு துணை அச்சுக்கு வந்து, அங்கிருந்து நீராவி எஞ்சினில் உள்ளதைப் போன்ற இரும்புத் தண்டுகளால் சக்கரங்களுக்குப் போகும். எர்ஸ்ட்பெல்ட் நிலையத்தில் ஒரு முதலையை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அதன் நீளம் 19 மீற்றருக்கு மேல், எடை 128 தொன்.

ஒரு சிறு கணக்கைச் செய்து பார்ப்போம். அந்தச் சரக்கு எஞ்சினிடம் ரயில்வே கேட்டது இது: 430 தொன் பாரத்தை 26 என்ற ஏற்றத்தில் மணிக்கு 35 கிலோமீற்றர் வேகத்தில் இழுக்க வேண்டும். எஞ்சினையும் சேர்த்தால் 558 தொன். ஆயிரத்துக்கு 26 என்ற ஏற்றத்தில், ஒவ்வோர் ஆயிரம் தொன்னும் 26 தொன் விசையுடன் ரயிலைக் கீழே இழுக்கும். 558 தொன்னுக்கு அது பதினாலரைத் தொன். அதை மணிக்கு 35 கிலோமீற்றர் வேகத்தில் வெல்வதற்கு மட்டும் ஏறத்தாழ 1400 கிலோவாற் வேண்டும். உராய்வு, வளைவு ஆகியவற்றுக்கு மேலும் சில நூறு. முதலையின் வலு 1650 கிலோவாற். கேட்டதற்குச் சரியாகக் கொடுத்திருக்கிறார்கள். பெரியவரிடம் நான் இந்தக் கணக்கைக் காகிதத்தில் போட்டுக் காட்டியபோது அவர் சிரித்தார். "எங்களுக்கு இதெல்லாம் காதில் தெரியும்" என்றார்.

பயணிகள் வண்டிக்கு வேறு எஞ்சின். அதனிடம் கேட்டது 300 தொன்னை அதே ஏற்றத்தில் 50 கிலோமீற்றர் வேகத்தில் இழுக்க வேண்டும் என்பது. இந்தக் கணக்கையும் போட்டுப் பாருங்கள். தேவைப்படும் வலு ஏறத்தாழ அதேதான் வரும். பாரம் குறைவு, வேகம் அதிகம். அந்தக் காலத்துப் பயணிகள் எஞ்சினுக்கும் சரக்கு எஞ்சினுக்கும் இருந்த அடிப்படை வித்தியாசம் இதுதான். ஒரே வலுவை ஒன்று வேகமாகச் செலவிட்டது, மற்றது இழுவையாகச் செலவிட்டது.

முதலைக்கு இன்னொரு வித்தையும் தெரியும். இறக்கத்தில் மோட்டார்கள் மின்பிறப்பாக்கிகளாக மாறி, ரயிலைப் பிடித்து நிறுத்துவதோடு, பிறந்த மின்சாரத்தைக் கம்பிக்கே திருப்பி அனுப்பும். இறங்கும் ரயில் ஏறும் ரயிலுக்குக் கை கொடுக்கும். நிறுத்து கட்டைகளும் தேய்வதில்லை. கரியில் ஓடிய எஞ்சின் எதையும் திருப்பிக் கொடுத்ததில்லை.

இந்த முதலைக்கு இந்தியாவில் ஓர் உறவுக்காரரும் உண்டு. பம்பாயிலிருந்து பூனாவுக்குப் போகும் போர் மலைப்பாதைக்காக 1928இலிருந்து வந்த 41 எஞ்சின்கள் இதே மடியும் உடல், இதே தண்டுகள் கொண்டவை. முதல் சில வின்டர்தூரில் செய்தவை, மற்றவை இங்கிலாந்தில். டில்லி ரயில் அருங்காட்சியகத்தில் ஒன்று நிற்கிறது. பயணிகளுக்கான மின்சார ரயில் நமக்கும் புதிதல்ல. 1931லேயே சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் ஓடத் தொடங்கிவிட்டது.

ஒரே எஞ்சின், இரு வேலை

இரண்டாம் உலகப் போர் வந்தபோது சுவிஸ் ரயில்வேயின் பெரும்பகுதி மின்சாரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. நாற்புறமும் போர் சூழ்ந்திருக்க, வண்டிகள் ஓடின. அந்த நாட்களின் ஒரு விநோதம்: மிச்சமிருந்த நீராவி எஞ்சின்களில் இரண்டின் கூரையில் மின்வாங்கியைப் பொருத்தி, கொதிகலனை மின்சாரத்தால் சூடாக்கினார்கள். தேநீர்க் கேத்தலைப் போல! கரி மிச்சமாக வேண்டுமென்றால் மனிதர் எதையும் செய்வார்கள்.

போருக்குப் பின் சரக்கும் பயணிகளும் பெருகின. 1952இல் ஏ.இ. 6/6 என்ற எஞ்சின் வந்தது. 1966 வரை 120 எஞ்சின்கள். தண்டுகள் இல்லை, ஒவ்வோர் அச்சுக்கும் தனி மோட்டார். எடை 120 தொன், வலு 4300 கிலோவாற், உச்ச வேகம் 125 கிலோமீற்றர். மலையில் 600 தொன்னை 75 கிலோமீற்றர் வேகத்தில் இழுத்தது. பகலில் பயணிகளை ஏற்றிய எஞ்சின் இரவில் சரக்கை இழுத்தது. வலு போதிய அளவு இருந்ததால், வேகம் வேண்டுமா இழுவை வேண்டுமா என்று பிறக்கும்போதே தேர்ந்தெடுக்க வேண்டிய தேவை இல்லாமற் போனது. மாநிலங்களின் பெயர்களையும் ஊர்களின் பெயர்களையும் இவற்றுக்குச் சூட்டினார்கள்; முதலாவது "திச்சினோ", இரண்டாவது "ஊரி", பாதையின் இரு பக்கத்து மாநிலங்கள்.

ஆனால் ஒரு குறை. மூன்று மூன்று அச்சுகளாகக் கோத்திருந்த அதன் சக்கரத் தொகுதிகள் வளைவுகளில் தண்டவாளத்தைத் தேய்த்தன. அதனால் 1972இலிருந்து வந்த ஆர்.இ. 6/6 எஞ்சினில் ஆறு அச்சுகளையும் இரண்டு இரண்டாக மூன்று தொகுதிகளாகப் பிரித்தார்கள். வலு 7850 கிலோவாற். பத்தாயிரம் குதிரைவலுவைத் தாண்டியது. அதே ஏற்றத்தில் 800 தொன்னை 80 கிலோமீற்றர் வேகத்தில் இழுக்கும். 1989இல் எங்களைக் கொண்டுபோனது இந்த வகைதான் என்று, நான் சொன்ன அடையாளங்களை வைத்துப் பெரியவர் உறுதியாகச் சொன்னார்.

வலு இருந்தால் மட்டும் போதாது. ஓர் இரும்புச் சக்கரம் தண்டவாளத்தைத் தொடும் இடம் விரல் நகத்தின் அளவுதான். பன்னிரண்டு சக்கரங்கள் என்றால் பன்னிரண்டு நகங்கள். எட்டு நூறு தொன் இவற்றின் பிடியில் ஏறுகிறது. எஞ்சினின் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இழுக்கப் பார்த்தால் சக்கரம் அதே இடத்தில் சுழலும். இலையுதிர் காலத்து ஈர இலைகளோ பனியோ இருந்தால் அந்தப் பிடியும் குறையும். அதனால்தான் எஞ்சின்கள் மணல் கொண்டுபோகின்றன; சக்கரத்துக்கு முன்னே தூவுவதற்கு. சறுக்கல் தொடங்குமுன் அதை உணர்ந்து, கைப்பிடியை ஒரு படி இறக்குவதுதான் சாரதியின் கைத்திறன். "காதில் தெரியும்" என்று பெரியவர் சொன்னது இதைத்தான்.

இன்னும் கனமான சரக்கு வண்டிகளுக்கு முன்னால் இரண்டு எஞ்சின்களைக் கோத்தாலும் ஒரு வரம்பு உண்டு: பெட்டிகளை இணைக்கும் கொக்கி தாங்காது. அதனால் பின்னாலிருந்து தள்ளுவதற்கு எர்ஸ்ட்பெல்டிலும் பியாஸ்காவிலும் உதவி எஞ்சின்கள் எப்போதும் தயாராக நின்றன. அந்த ஊர்கள் வாழ்ந்ததே அந்த எஞ்சின்களாலும் அவற்றை ஓட்டியவர்களாலும்தான்.

1992இல் ஆர்.இ. 460 வந்தது. நான்கே அச்சுகள், 84 தொன், ஆனால் 6100 கிலோவாற். திசைமாற்றியும் கரித்தூரிகையும் இல்லாத மூன்று கட்ட மோட்டார்கள். கம்பியிலிருந்து வரும் மின்சாரத்தை எஞ்சினுக்குள் இருக்கும் குறைகடத்திகள் வெட்டி ஒட்டி, மோட்டாருக்கு அந்தக் கணத்தில் எந்த அழுத்தமும் மீடிறனும் வேண்டுமோ அதைக் கொடுக்கும். சறுக்கலைக் கணினி கவனிக்கும். பயணிகள், சரக்கு என்ற பேதமே இல்லாத எஞ்சின் என்று இதைச் செய்தார்கள். பகலில் 200 கிலோமீற்றர் வேகம், இரவில் சரக்கு. ஆனால் 1999இல் ரயில்வே பயணிகள் பிரிவு, சரக்குப் பிரிவு என்று நிர்வாகத்தைப் பிரித்தபோது இவை பயணிகள் பக்கம் போயின. பௌதிகம் ஒன்றாக்கியதைக் கணக்கேடு பிரித்தது.

அந்தப் பிரிவினையின் இன்னொரு விளைவை எங்கள் மாநிலம் நேரில் கண்டது. பெலின்சோனா நகரில் எஞ்சின் பழுதுபார்க்கும் பழைய பணிமனை உண்டு. 2008 மார்ச்சில் அங்கே வேலைகளைக் குறைத்து, எஞ்சின் பராமரிப்பை வேறிடத்துக்கு மாற்றும் திட்டம் வந்தபோது தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். ஒரு மாதத்துக்கும் மேல் நீடித்தது. ஊர் முழுவதும் அவர்களுடன் நின்றது. இறுதியில் திட்டம் மீளப் பெறப்பட்டது. வேலைநிறுத்தம் அபூர்வமான இந்த நாட்டில் அது பெரிய செய்தி. பெரியவர் தினமும் அங்கே போய் வந்தார். 1875ஐ அவர் மறக்கவில்லை.

மலைக்கு அடியில்

2016 ஜூன் முதலாம் திகதி 57 கிலோமீற்றர் நீளமான கொத்தார்ட் அடித்தளச் சுரங்கம் திறந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் வழக்கமான சேவை தொடங்கியது. பழைய பாதையின் உச்சி 1151 மீற்றர். புதியதன் உச்சி 549 மீற்றர். ஏற்றம் மிகக் குறைவு. எல்லாக் கணக்கும் மாறிவிட்டது. தள்ளும் எஞ்சின் வேண்டியதில்லை. நூறு ஆண்டுகளாக மலையை வெல்ல மேலும் மேலும் வலுவான எஞ்சின்களைச் செய்தவர்கள், கடைசியில் மலையேறுவதையே விட்டுவிட்டார்கள்.

2023 ஆகஸ்டில் அந்தச் சுரங்கத்துக்குள் ஒரு சரக்கு ரயில் தடம்புரண்டது. சக்கரம் ஒன்று உடைந்ததே காரணம். முழுச் சேவை திரும்ப 2024 செப்டெம்பர் வரை ஆனது. அந்த ஓராண்டில் பல வண்டிகள் பழைய மலைப்பாதையிலேயே போய் வந்தன. 1882இன் பாதையை மூடிவிடாமல் வைத்திருந்தது எவ்வளவு நல்லது என்று அன்று பலருக்கும் புரிந்தது. நானும் ஒரு நாள் போனேன். வாசென் தேவாலயம் மூன்று முறை தெரிந்தது. இம்முறை என் அருகில் இருந்தது என் பேத்தி. மூன்றாவது முறை தெரிந்தபோது அவள் கைதட்டினாள்.

எங்கள் மலைப்பாதை

இதையெல்லாம் எழுதும்போது ஒரு கேள்வி என்னை விடுவதில்லை. கொழும்பிலிருந்து பதுளைக்குப் போகும் மலைநாட்டுப் பாதையில் ஏற்றம் 44க்கு 1. கொத்தார்டின் கணக்கில் சொன்னால் ஆயிரத்துக்கு 22.7. ஏறக்குறைய அதே மலையேற்றம். உயரத்தில் நாங்கள் அவர்களை விஞ்சுகிறோம். பட்டிப்பொல நிலையம் 1890 மீற்றருக்கும் மேலே இருக்கிறது. கோப்பிக்காகவும் தேயிலைக்காகவும் போட்ட பாதை 1885இல் நானுஓயாவையும் 1924இல் பதுளையையும் எட்டியது. அந்தத் தேயிலையைப் பறித்தவர்கள் தமிழகத்திலிருந்து வந்த எம்மவர்.

இலங்கையிலும் கரி இல்லை, எண்ணெய் இல்லை. தண்ணீரும் உயரமும் உண்டு. டி.ஜே. விமலசுரேந்திர என்ற பொறியாளர் 1918லேயே நீர்மின்சாரம் பற்றி விரிவான அறிக்கை ஒன்றை முன்வைத்தார். சுவிஸ்காரர் ரிட்டோம் மின்நிலையத்தைக் கட்டிக்கொண்டிருந்த அதே காலம்! ஆனால் லக்ஷபான மின்நிலையம் 1950இல்தான் வந்தது. 1950களில் நீராவிக்குப் பதிலாக டீசல் வந்தது. யாழ்தேவியை இழுத்த கனடா எஞ்சின்களை என் தலைமுறையினர் மறக்க மாட்டார்கள். நல்ல எஞ்சின்கள்தான். ஆனால் இன்றுவரை இலங்கையில் ஒரு மைல் மின்சார ரயில் பாதைகூட இல்லை. ஹற்றன் வழியாக ஏறும் ரயில், நாட்டின் நீர்மின்சாரம் பிறக்கும் மலைகளை அண்டியே, கடல் கடந்து வந்த டீசலை எரித்துக்கொண்டு போகிறது.

நியாயமாகப் பேச வேண்டும். கம்பி கட்டுவதும் துணைநிலையம் அமைப்பதும் பெரும் செலவு. நாள் முழுவதும் வண்டிகள் நெருக்கமாக ஓடும் பாதைக்கே அது கட்டுப்படியாகும். கொத்தார்ட் ஐரோப்பாவின் வடக்கையும் தெற்கையும் இணைக்கும் பாதை. நானுஓயாப் பாதையில் ஒரு நாளில் ஓடுவன சில வண்டிகள். கொழும்பைச் சுற்றிய புறநகர்ப் பாதைகளுக்குத்தான் கணக்கு முதலில் சரிவரும் என்று பொறியாளர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறார்கள். அது இன்னமும் அறிக்கைகளிலேயே இருக்கிறது.

சுவிஸ்காரருக்கு அறிவு கூட, எங்களுக்குக் குறைவு என்பதல்ல. அவர்களும் சேபாக்கில் நல்ல விடையைக் கண்டுபிடித்துவிட்டுக் கம்பியைக் கழற்றி வைத்தவர்கள்தான். வித்தியாசம், கரியில்லாமல் தவித்த அந்த ஆண்டுகளை அவர்கள் மறக்கவில்லை என்பதில் இருக்கிறது. தட்டுப்பாடு தீர்ந்து கரி மறுபடி மலிந்தபோதும் வேலையை நிறுத்தவில்லை. 2022இல் எங்கள் நாட்டில் எரிபொருளுக்காக மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்றார்கள். வரிசைகள் இப்போது கலைந்துவிட்டன. அந்த நாட்களை நாங்கள் எவ்வளவு காலம் நினைவில் வைத்திருப்போம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

பெரியவர் இப்போது இல்லை. அவர் கடைசியாக எனக்குத் தந்தது ஒரு பழைய கால அட்டவணை, 1989ஆம் ஆண்டினது. அதில் நவம்பர் மாதத்து அந்த ரயிலைத் தேடிப் பிடித்து, பென்சிலால் கோடிட்டு வைத்திருந்தார்.